கண்ணாடிக்கு வெயில் தாங்காது

மதுக்கரை கல்லுக்குழி ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் சுப்பண்ணன் காலை ஏழரை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், நம்ம ஞானம் அம்மணி தவறிப்போச்சுங்க" என்றார். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நாற்பத்தாறு வயது. ரிசீவரை வைத்ததும் நான் முதலில் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் கல்லுக்குழி ரோட்டில் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் டயர் வண்டிகளை அவிழ்த்து நிறுத்தியிருந்தார்கள். மாடுகள் மர நிழலில் கட்டிக் கிடந்தன. அன்று சுண்ணாம்புச் சூளைகளுக்கு ஒரு வண்டிக் கல் கூடப் போகவில்லை. வேலையை நிறுத்தும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை என்றார் சுப்பண்ணன். நான் வண்டிகளை எண்ண ஆரம்பித்து, என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று பாதியில் நிறுத்தினேன். முப்பது வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் போனால் ஒரு நிமிட மௌனமும் பிற்பகல் விடுமுறையும் கிடைக்கும், அவ்வளவுதான். எனக்காக யாரும் ஒரு மாட்டையும் அவிழ்க்கப் போவதில்லை என்று, அங்கே பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நம் பிராணி நலக் குழுவின் இதழில் ஞானசுந்தரியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். அவரோடு அதிக நாள் வேலை செய்தவள் நான் என்பது காரணம். எழுதுகிறேன். ஆனால் உங்களில் பெரும்பாலோர் ஒரு விஷயத்தைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு வருடங்களுக்கு முன் ஞானத்தை மேட்டுப்பாளையத்துக்குத் தூக்கியடித்தார்களே, அதற்குக் காரணம் சூளை மேனேஜர் துரைசாமி என்று இன்றுவரை பேசுகிறீர்கள். துரைசாமி அதைச் செய்யவில்லை. செய்தது யார் என்பதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை முடிக்க எனக்கு உரிமை கிடையாது. நடந்த வரிசையில் சொன்னால்தான் விளங்கும், அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

ஞானசுந்தரி கால்நடைத் துறையில் உதவியாளர். அவருடைய அப்பாவும் அம்மாவும் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள் மாட்டுக் கொட்டகையில்தான் வளர்ந்தார்கள். எங்கள் வீட்டிலும் தோட்டம் இருந்தது, மாடுகள் இருந்தன. சாணியை மிதிக்காமல் நடக்கப் பழகியதைத் தவிர அந்த மாடுகளோடு எனக்கு ஒரு உறவும் இருந்ததில்லை. என் பொறாமைக்குள் இதுவும் உண்டு. தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதது பண்ணையாள் மகளுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற எரிச்சல். எழுதும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்தது என்பதால் எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது கோட்டாட்சியர் அலுவலகக் கூட்டம் ஒன்றில். வண்டி மாடுகளுக்கு அதிக பாரம் ஏற்றுவதைப் பற்றி நான்கு பக்கம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். சட்டப் பிரிவுகள், எடை வரம்புகள், மேற்கோள்கள் எல்லாம் அதில் இருந்தன. நான் வாசித்து முடித்ததும் கோட்டாட்சியர் தண்ணீர் குடித்தார். பிறகு துறையின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்ற பெண்ணிடம், ஒரு மாட்டுக்குப் பாரம் அதிகம் என்று ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். "ஏத்தத்துல வண்டி நின்னு போச்சுன்னா, திரும்பக் கெளம்பறப்ப மாடு முன்னங்கால மண்டி போடுதான்னு பாக்கச் சொல்லுங்க சார். போட்டா பாரம் சாஸ்திங்க" என்றார் அந்தப் பெண். கோட்டாட்சியர் அதைக் கையால் குறித்துக்கொண்டார். என் நான்கு பக்கத்தின் ஓரத்தில்தான் குறித்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஞானமே என்னிடம் வந்து, இவ்வளவு விஷயம் சட்டத்தில் இருக்கிறது என்று தனக்குத் தெரியவே தெரியாது, அதன் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். அதற்குள் எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருந்தது.

அடுத்தது கழுத்துப் புண் வழக்கு. ராமன் என்ற வண்டிக்காரர், நுகத்தடி அழுத்தி ரத்தம் கசியும் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். புகைப்படம் எடுத்தேன், புகார் எழுதினேன், ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வழக்குப் பதிய வைத்தேன். நீதிமன்றத்தில் ராமனுக்கு அபராதம் விதித்தார்கள். நம் குழு கூடி எனக்குச் சால்வை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சால்வையோடு நான் போட்டோவுக்கு நின்ற வாரத்தில்தான், புண்ணுள்ள மாட்டை இனி ஓட்ட முடியாது என்று ராமன் அதைப் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றார். அங்கிருந்து அது கேரளாவுக்குப் போகும் அடிமாட்டு லாரியில் ஏறிவிட்டது. மருந்தை எடுத்துக்கொண்டு அந்த மாட்டைத் தேடிப்போன ஞானம் வெறும் முளைக்குச்சியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். "கேஸ் செயிச்சுருச்சுங்க டீச்சர். மாடு போயிருச்சுங்க" என்றார். அவர் குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் செய்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். கழுத்தில் புண் கண்ட மாட்டை வீட்டில் கட்டிவிட வேண்டும். அது ஆறும்வரை மற்ற வண்டிக்காரர்கள் முறைவைத்து அந்த ஆளுக்கு ஒரு மாடு கொடுக்க வேண்டும். ஒரு தாளிலும் எழுதாமல், வீடு வீடாகப் போய், ஒரு மாதத்தில் அதைப் பழக்கமாக்கிவிட்டார். முதல் மாட்டைக் கொடுக்க முன்வந்தது அந்த ராமன்தான். அபராதம் வாங்கிக் கொடுத்தவள் நான், திருத்தியவர் அவர். "மாட்டுக்காரனுக்கு வகுறு காஞ்சா அது மொதல்ல மாட்டு முதுகுலதானுங்க தெரியும்" என்று அடிக்கடி சொல்வார். அந்த வாக்கியம் என் வாயில் வந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பிறகு ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அதை என் வாக்கியம் போலவே சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். அன்று ஞானம் அங்கே இல்லை.

தெர்மாமீட்டர் விவகாரம் நடந்தது தொண்ணூற்று நாலாம் வருடக் கோடையில். வெப்பம் முப்பத்தேழு டிகிரியைத் தாண்டுகிற இடங்களில், நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை இழுவை மாடுகளை வேலை வாங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. கல்லுக்குழியிலிருந்து சூளைகளுக்குக் கல் ஏற்றும் வண்டிகள் அந்த மூன்று மணி நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தடுக்கக் கோரி மனுக் கொடுத்தேன். மதுக்கரையில் அவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கோட்டாட்சியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் யார் என்று எனக்குள் ஒரு குதூகலமே வந்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்திலேயே நல்ல தெர்மாமீட்டராகப் பார்த்து எடுத்துப்போனேன். சுப்பண்ணனின் டீக்கடைக்கு முன்னால் இருக்கும் வேப்பமரத்தில், நேர் வெயில் படாமல் காற்று படும்படி, ஆள் உயரத்தில் தொங்கவிட்டேன். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று மணிக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் எண்களைத் திருத்திவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதனால் வாரம் ஒருமுறை கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார் என்றும், விசாரணை நாள்வரை நான் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். என்னுடைய இந்த நடுநிலையைப் பற்றிக் கல்லூரியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். பிறகு விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போய்விட்டேன்.

விசாரணை நாளில் கோட்டாட்சியர் பதிவேட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு இருபத்தெட்டு. இரண்டு மணிக்கு இருபத்தொன்பது. சித்திரை மாதம் முழுக்க ஒரு நாள்கூட முப்பதைத் தாண்டவில்லை. எல்லாப் பக்கத்திலும் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து அழகாக இருந்தது. சூளை மேனேஜர் துரைசாமி எழுந்து, "ஏனுங்க மேடம், நம்ம மதுக்கரை ஊட்டியாயிருச்சுங்களா?" என்று மரியாதை குறையாமல் கேட்டார். கூடமே சிரித்தது. வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். சுப்பண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னார். "கண்ணாடிக்கு வெயில் தாங்காதுங்களே சார். டீச்சர் நம்மள நம்பிக் குடுத்த சாமான், ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுங்க. அதான் வெயில் ஏறறப்பவே எடுத்துக் கடைக்குள்ள தண்ணிப் பானை மணல்ல சொருகி வெச்சுப்போட்டு, சாயங்காலம் மறுக்காக் கொண்டுபோய் மாட்டுவனுங்க."

என் பொருளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இரண்டு மாதம் அதை ஈர மணலில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார் அந்த மனிதர். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. கோட்டாட்சியர் கோப்பை மூடப் போனார். தலையைக் குனிந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஞானம், சுவரோரம் கோப்புகளோடு நின்றவர், ஒன்று கேட்கலாமா என்று அனுமதி கேட்டார். கோட்டாட்சியர் தலையசைத்தார். ஞானம் சுப்பண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, வெயில் தாங்காதுன்னு உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுதுங்க?"

"தொட்டாலே கை சுடுதே அம்மணி. மத்தியானத்துல அந்த ரோட்டுல மனுசன் நிக்க முடியறதில்லீங்க."

"அந்த நேரத்துக்கு மாடெல்லாம் எங்கீங்க இருந்துச்சு?"

சுப்பண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "ரோட்டுலதானுங்க அம்மணி இருந்துச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. துரைசாமி உட்கார்ந்துவிட்டார். மூடப்போன கோப்பைக் கோட்டாட்சியர் அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் ஒரு மணிக்குத் தானே நேரில் வருவதாகச் சொன்னார். சொன்னபடி வேறொரு தெர்மாமீட்டரோடு வந்து, வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் நின்றார். அது முப்பத்தேழுக்கு மேலே காட்டியது. அதைவிட, அவருடைய சட்டை நனைந்திருந்த விதமே போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே வண்டிகளை நிறுத்தும் உத்தரவு எழுதச் சொன்னார். அங்கேயும் ஞானம் ஒரு வார்த்தை போட்டார். வண்டிக்காரர்களிடமிருந்து மத்தியானம் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் காலையில் அவர்களுக்கு மூன்று மணி நேரம் கொடுக்க வேண்டும், சூளை கேட்டை எட்டு மணிக்குப் பதில் ஐந்து மணிக்குத் திறக்கச் சொல்ல வேண்டும் என்றார். உத்தரவில் அதுவும் சேர்ந்தது. என் மனுவில் மாட்டைப் பற்றி ஒன்பது பத்திகள் இருந்தன. வண்டிக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்று நம் குழு எந்த அலுவலகத்துக்கு எந்த மனுக் கொடுத்தாலும், இதனால் யாருக்கு வேலை குறையும், அதற்கு என்ன மாற்று என்று கடைசியில் ஒரு பத்தி எழுதுகிறோம். அது அன்று வந்த பழக்கம். அந்தப் பத்தி இல்லாமல் நாம் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின, அதோடு கொடுத்தவை என்ன ஆயின என்பது செயலாளராக இருந்த எனக்குத் தெரியும். பிராணிகளுக்காகப் பேசுகிறவர்கள் மனிதர்களின் எதிரிகள் என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் குறைந்ததற்கு அந்த ஒரு பத்திதான் காரணம்.

அன்று சுப்பண்ணனிடம் ஞானம் கேட்ட இரண்டு கேள்விகளையும் நான் கேட்டிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் என்னுடையது, பதிவேடு என்னுடையது, பட்ட அவமானமும் என்னுடையது. பேர் மட்டும் அவருக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் ஒரு காங்கேயம் காளையின் திமிலில் கைவைத்தபடி ஞானம் நிற்கும் படம், அவருடைய பேட்டியோடு வந்தது. செய்தியின் கடைசி வரியில், மனு அளித்தவர் ஒரு பேராசிரியை என்று இருந்தது. பெயர்கூட இல்லை. என் கணவர் அதை உரக்கப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, பேராசிரியைன்னாவது போட்டிருக்கான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து சென்னையிலிருக்கும் கால்நடைத் துறைத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினேன். தங்கள் துறையின் ஊழியர் ஒருவர், மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது விசாரணையில் ஒரு தரப்புக்காகப் பேசியிருக்கிறார், பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்திருக்கிறார், இது நடத்தை விதிகளுக்கு ஏற்றதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று கேட்டேன். கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை என்ற பெருமை வேறு. அதனால் கையெழுத்துப் போட்டேன், என் பெயரை ரகசியமாக வைக்கும்படி கீழே ஒரு வரியும் சேர்த்தேன். அந்தக் கையாலேயே தபாலிலும் போட்டேன்.

மூன்று மாதத்தில் ஞானம் மேட்டுப்பாளையத்துக்கு மாற்றப்பட்டார். அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளியை மாற்ற முடியாது என்பதால் ஞானம் மதுக்கரையிலிருந்தே போய்வந்தார். விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ், திரும்பி வர இரண்டு பஸ். மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அதுவே தொடர்ந்தது. துரைசாமிதான் ஆள் பிடித்து மாற்றிவிட்டார் என்று வண்டிக்காரர்கள் பேசினார்கள். அவர் சாமி மேல் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. நம் குழுக் கூட்டத்தில் துரைசாமியைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டோமே, அதன் வாசகம் நான் எழுதியது. இதுதான் நான் சொல்ல வந்தது. ஞானத்தை மாற்றியது நான்.

கிளம்புவதற்கு முன் ஞானம் என் வீட்டுக்கு வந்தார். கோடை வந்தால் மத்தியானத்தில் யாராவது ரோட்டில் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும் என்றார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க டீச்சர். பன்னண்டு மணிக்கு அங்க வந்து நின்னாப் போதும், வண்டிய அவுத்துப்போடுவாங்க" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மறுவருடக் கோடை விடுமுறையில் தினமும் பஸ்ஸேறி மதுக்கரைக்குப் போனேன். நிழலில் மாடுகள் படுத்து அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று மணிவரை சுப்பண்ணன் கடையில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த கோடையும் போனேன், அதற்கடுத்ததும், சென்ற கோடையும். அக்கறை என்று நீங்கள் நினைத்தீர்கள். பாதிக்கு மேல் உறுத்தல்தான்.

தொலைவில் போனால் பெயர் மங்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன் என்றால், அதுவும் பொய்த்தது. மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிகளில் வண்டிகள் தங்கள் முறைக்காக நுகத்தடியோடு மணிக்கணக்கில் நிற்கும். மாட்டை அவிழ்த்தால் வரிசையில் இடம் போய்விடும் என்ற பயம். ஞானம் மண்டிக்காரர்களிடம் பேசி, வண்டிகளுக்கு எண் போட்ட அட்டை கொடுக்க வைத்தார். இடம் அட்டையில் இருக்கிறது, மாடு மரத்தடியில் இருக்கலாம். இவ்வளவுதான் ஏற்பாடு. அதை மற்ற மண்டிகளும் எடுத்துக்கொண்டன. கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பஸ் மாறிக் களைத்துப் போகிற பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். நான் என் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து யோசித்தும் தோன்றாதது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் கேக் எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், அலுவலகத்தில் தபால் பிரிக்கும் வேலையைப் பற்றி வந்தது. மாற்றலுக்கு முந்தைய மாதங்களில் குமாஸ்தா இல்லாததால் கோயம்புத்தூர் அலுவலகத்தில் தபால் பிரித்துப் பதிவதும் தன் வேலைதான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சிரித்தபடி, "உங்க லெட்டரயும் நாந்தானுங்க பதிஞ்சேன்" என்றார்.

சென்னைக்குப் போகும் புகார், விளக்கம் கேட்டுக் கீழேதான் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. முப்பது வருடம் பாடம் நடத்தியவளுக்கு ஒரு தபால் போகும் வழி தெரியவில்லை. அந்தக் கடிதம் அவர் கையில்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவரேதான் எண் போட்டு அதிகாரி மேசையில் வைத்திருக்கிறார். அதிகாரி படித்துவிட்டு, இதற்கு நீயே பதில் எழுதிக் கொண்டுவா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிடு, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். ஞானம் எழுதியது ஒரு வரி. மனுவில் கண்டுள்ள விவரங்கள் உண்மையே.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நான் பேசுனதே இல்லீன்னு எழுதுனா, அப்பறம் அந்த விசாரணையே பொய்யின்னு எவனாச்சும் கெளப்பிப்போடுவானுங்களே டீச்சர். ஆர்டரு போயிருமுங்க" என்றார்.

நான்கு வருடமாகத் தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்றும் சொன்னேன். அவர் கேக்கை எனக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தார்.

"கேட்டிருந்தா நீங்க ரோட்டுப் பக்கம் வாரத நிறுத்திப்போட்டிருப்பீங்க. எனக்கு மத்தியானத்துக்கு ஒரு ஆளு வேணுமுங்களே" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் துரைசாமியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இதை எழுதப்போவதையும் சொன்னேன். அவர், "எம் புள்ள கல்யாணத்துக்கு ஒரு வண்டிக்காரரும் வரலீங்க மேடம்" என்றார். அவரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை நீங்களும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினேன்.

ஞானசுந்தரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று எழுதி முடிப்பதுதான் வழக்கம். அவருடைய கருணை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது அவரோடு போய்விட்டது, எனக்கு வாய்க்கவும் இல்லை. மிஞ்சியிருப்பது என் பொறாமைதான். அவர் இறந்த பிறகும் அது இம்மியளவு குறையவில்லை, இந்தக் கட்டுரையில் அவர் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறார் என்று பார்க்கும்போது இப்போதும் எரிகிறது. அதை அவர் என்னிடம் எப்போதோ கண்டுபிடித்து, நுகத்தடியில் பூட்டி, நான்கு கோடை மாடுகளுக்காக ஓட்டியிருக்கிறார். இனி ஓட்ட ஆளில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் பங்குனி வெயில் ஆரம்பித்துவிடும். உக்கடத்தில் பதினொன்றேகால் பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டுக்குள் போய்விடலாம்.